பில்லி வைல்டரும் ஞாயிற்றுக்கிழமை நண்பர்களும்

நாவல் எழுதுகிறவனுக்கு ஒரு பாக்கியம் உண்டு. எழுதி முடித்த கணத்திலேயே அவனுடைய படைப்பும் பூர்த்தியாகிவிடுகிறது. அதை அச்சிட ஒருவரும் முன்வராமல், கையெழுத்துப் பிரதியாகவே பெட்டிக்குள் கிடந்தாலும் அது நாவல்தான். திரைக்கதை எழுதுகிறவனுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. ஒரு முதலாளி பணம் போட்டு, ஒரு டைரக்டர் பொறுப்பேற்று, நடிகர்கள் வேஷம் கட்டி, ஒளிப்பதிவாளரும் படத்தொகுப்பாளரும் இராப்பகலாக உழைத்த பிறகே அவன் எழுதியது ஒரு முழு உருவத்தை அடைகிறது. ஆகையால் மனிதர்களோடு பரிச்சயம் கொள்வது அவனுடைய தொழிலுக்குப் புறம்பான காரியம் அன்று. தொழிலிலேயே ஒரு பாதி என்று சொல்லத் தகும்.

இதை நன்றாக உணர்ந்தவர்கள்கூட, பரிச்சயம் என்றால் இன்னது என்பதில் மயங்கிப் போகிறார்கள். சினிமாவில் எழுத வேண்டும் என்ற ஆசையோடு நகரத்துக்கு வரும் இளைஞர்களிடம் இரண்டு வித அபிப்பிராயங்கள் நிலவுகின்றன. திறமை இருந்தால் அது தானாகவே கண்டெடுக்கப்படும் என்று நம்பி, அறையைச் சாத்திக்கொண்டு எழுதிக் குவிப்பவர்கள் ஒரு சாரார். திறமையாவது ஒன்றாவது, யாராவது ஒரு பெரிய மனிதரின் சிபாரிசு கிடைத்தால் போதும் என்று எண்ணி, ஒரு வரியும் எழுதாமல் ஸ்டூடியோ வாசல்களிலும் பூஜை விழாக்களிலும் காத்து நிற்பவர்கள் மற்றொரு சாரார். இவ்விரு சாராருமே வருஷங்களை வீணாக்குகிறார்கள் என்பது என் உறுதியான அபிப்பிராயம். இதைத் தர்க்கத்தால் ஸ்தாபிப்பதைவிட, ஹாலிவுட்டின் மகத்தான திரைக்கதாசிரியர்களில் ஒருவரான பில்லி வைல்டரின் வாழ்க்கையைச் சற்று நிதானமாகப் பார்ப்பதே பயனுள்ளது.

வைல்டர் 1906ஆம் வருஷம், அக்காலத்தில் ஆஸ்திரிய-ஹங்கேரி சாம்ராஜ்யத்தைச் சேர்ந்திருந்ததும் இப்போது போலந்து தேசத்தில் இருப்பதுமான ஒரு சிற்றூரில், யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். தகப்பனார் ரயில் நிலையங்களில் சிற்றுண்டிச் சாலைகள் நடத்தி ஜீவனம் செய்தவர். மகன் வக்கீலாக வேண்டும் என்பது பெற்றோரின் விருப்பம். மகனோ வியன்னா நகரத்தில் ஒரு பத்திரிகையில் நிருபராகச் சேர்ந்துவிட்டார். 1926ஆம் வருஷம் பால் வைட்மன் என்ற பிரசித்தி பெற்ற அமெரிக்க ஜாஸ் வாத்தியக் கோஷ்டித் தலைவர் வியன்னாவுக்கு வந்தபோது, அவரைப் பேட்டி காணச் சென்ற இருபது வயது வைல்டர், தம் உற்சாகத்தாலும் சங்கீத ஞானத்தாலும் அவருடைய மனத்தைக் கவர்ந்துவிட்டார். வைட்மன் அவரைத் தம்மோடு பெர்லினுக்கு அழைத்துப் போனார். கச்சேரிகள் முடிந்து கோஷ்டி வேறு ஊருக்குப் புறப்பட்ட பின்னும் வைல்டர் வியன்னாவுக்குத் திரும்பவில்லை. அந்நாளில் ஐரோப்பிய சினிமாவின் தலைநகரமாக விளங்கிய பெர்லினில், நிலையான உத்தியோகமும் கையிருப்பும் இல்லாமல் தங்கிவிட்டார். அவர் வாழ்க்கையின் முதல் துணிவு அது.

அங்கே பட்ட கஷ்டங்கள் கொஞ்சமல்ல. பத்திரிகைகளுக்குத் துணுக்குகள் எழுதினார். ஈடன் ஹோட்டலில், தனியாக வரும் சீமாட்டிகளோடு கூலிக்கு நடனமாடும் வேலையைச் செய்தார். அந்த அனுபவத்தையே ஒரு கட்டுரைத் தொடராக எழுதிப் பெர்லின் பத்திரிகை ஒன்றில் பிரசுரமும் செய்துவிட்டார். பெயர் பெற்ற கதாசிரியர்களுக்காகத் தம் பெயர் இல்லாமலே மௌனப் படங்களின் கதைகளை எழுதிக் கொடுத்தார். இதைச் சுரண்டல் என்று சொல்லலாம். ஒருவிதத்தில் அது சுரண்டல்தான். ஆயினும் அந்த அநாமதேய உழைப்பு அவருக்கு இரண்டு லாபங்களைத் தந்தது. படத்துக்குக் கதை எழுதும் வித்தையைக் கையால் செய்து கற்றார். சொன்ன நாளில் எழுதிக் கொடுப்பவன் என்று தொழிலில் இருந்தவர்கள் அறிந்துகொண்டார்கள். வெறும் முகப் பரிச்சயத்துக்கும் இந்த விதமான பரிச்சயத்துக்கும் உள்ள தாரதம்மியம் மிகப் பெரியது.

மாலை வேளைகளில் அவர் போய் அமர்ந்த இடம் ரோமானிஷஸ் கஃபே. ஓவியர்களும் எழுத்தாளர்களும் நாடகக்காரர்களும் சினிமாக்காரர்களும் கூடி, ஒரு கோப்பைக் காப்பியை வைத்துக்கொண்டு மணிக்கணக்காக வாதம் செய்த அந்த விடுதியில் பெரிய மனிதர்களும் இருந்தார்கள். ஆனால் வைல்டரின் வாழ்க்கையைத் திருப்பியவர்கள் அந்தப் பெரிய மனிதர்கள் அல்லர். அவரைப் போலவே பணமும் பெயரும் இல்லாமல் ஆசையை மட்டும் வைத்திருந்த இளைஞர்கள் சிலர். ராபர்ட் சியோட்மாக், அவருடைய சகோதரர் கர்ட், எட்கர் உல்மர், காமிராவுக்கு உதவியாளராக வந்த பிரெட் ஸின்னமன் ஆகியோர் சேர்ந்து, ஸ்டூடியோ இல்லாமல், நட்சத்திரங்கள் இல்லாமல், ஒரு படம் எடுப்பதென்று தீர்மானித்தார்கள். அனுபவம் நிறைந்த ஒளிப்பதிவாளரான ஆய்கென் ஷுஃப்டானும் அவர்களோடு சேர்ந்துகொண்டார். வார நாட்களில் அவரவர் ஜீவனத்தைப் பார்த்துக்கொண்டு, 1929ஆம் வருஷக் கோடையின் ஞாயிற்றுக்கிழமைகளில் பெர்லினுக்கு வெளியே ஏரிக்கரைக்குப் போய்ப் படம் பிடித்தார்கள். நடித்தவர்கள் டாக்ஸி ஓட்டுபவர், இசைத்தட்டு விற்கும் பெண் என்று சாதாரண மனிதர்கள். திரையிலும் அவர்கள் ஏறக்குறைய தங்கள் சொந்த வாழ்க்கையையே நடித்தார்கள். 1930இல் வெளிவந்த அந்தப் படத்துக்கு ‘ஞாயிற்றுக்கிழமை மனிதர்கள்’ என்று பெயர்.

அந்தப் படத்தின் விளைவு அந்த இளைஞர்களே எதிர்பாராதது. ஜெர்மனியின் மிகப் பெரிய படக் கம்பெனியான ஊஃபா அவர்களில் சிலரை அழைத்துக்கொண்டது. எரிக் கெஸ்ட்னரின் புகழ் பெற்ற சிறுவர் நாவலைத் தழுவி 1931இல் வந்த ‘எமிலும் துப்பறிவாளர்களும்’ படத்துக்குத் திரைக்கதை எழுதியவர் வைல்டர். அந்த ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோ பின்னாளில் ஹாலிவுட்டில் ஒவ்வொருவரும் தனித்தனியே பெயர் பெற்றார்கள். ஸின்னமன் ‘ஹை நூன்’ படத்தை எடுத்தார். சியோட்மாக் ‘தி கில்லர்ஸ்’ படத்தை எடுத்தார். ஒரே காமிராவைச் சுற்றி நின்ற அந்தச் சிறு கூட்டத்தில் எவரும் எவருக்கும் சிபாரிசு செய்யும் நிலையில் அன்று இருக்கவில்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். ஒருவருடைய திறமையை மற்றவர் வேலையின் நடுவே நேரில் பார்த்திருந்தார்கள், அவ்வளவே. திரையுலகத்தில் நிலைத்து நிற்கும் பரிச்சயம் பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கிறது.

1933ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் ஜெர்மானியப் பாராளுமன்றக் கட்டடம் எரிந்தது. ஹிட்லரின் ஆட்சியில் ஒரு யூதனுக்கு என்ன கதி நேரும் என்பதை வெகு சீக்கிரத்தில் புரிந்துகொண்ட வைல்டர், வெற்றியின் நடுவிலேயே எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பாரிஸுக்கு ரயிலேறினார். துணிவு என்று நாம் கொண்டாடும் காரியங்களிலே சில, வேறு வழியில்லாமையால் விளைந்தவை என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். ஐரோப்பாவிலேயே இருந்துவிட்ட அவருடைய தாயார் பின்னர் நாஜிகளின் கொலைக் கொடுமைக்குப் பலியானார். அந்தத் துயரம் அவரை ஆயுள் முழுவதும் விடவில்லை.

பாரிஸில் தங்கியிருந்தபோது எழுதிய ஒரு கதையை, பெர்லின் நாட்களில் பழக்கமாகி அப்போது ஹாலிவுட்டில் இருந்த ஜோ மே என்ற டைரக்டருக்கு அனுப்பினார். அதன் பயனாகக் கொலம்பியா கம்பெனி அவரை அழைத்தது. 1934ஆம் வருஷ ஆரம்பத்தில் கப்பலேறி அமெரிக்கா சேர்ந்தபோது அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் சொற்பம். எழுத்தையே ஜீவனமாகக் கொண்ட ஒருவன், தன் இருபத்தேழாவது வயதில், தன் மொழி செல்லாத தேசத்தில் போய் எழுதிப் பிழைக்க முற்படுவதைவிடப் பெரிய அபாயம் என்ன இருக்க முடியும்? கொலம்பியாவின் ஒப்பந்தம் சில மாதங்களில் முடிந்துபோயிற்று. வேலையில்லாத நாட்கள் தொடர்ந்தன. தம்மைப் போலவே பெர்லினிலிருந்து ஓடிவந்த நடிகர் பீட்டர் லோரியோடு அவர் அறையைப் பகிர்ந்துகொண்டார். வானொலியைக் கேட்டுக் கேட்டு ஆங்கிலம் பழகினார். தாய்மொழி பேசும் அகதிகளோடு மட்டும் கூடிக் குலாவாமல், அமெரிக்கர்களின் பேச்சு காதில் விழும்படி வலிய வைத்துக்கொண்டார்.

விஸா காலம் முடிந்ததும், சட்டப்படி வெளியே போய்த் திரும்ப வேண்டியிருந்ததால் மெக்ஸிகோ எல்லையிலுள்ள மெக்ஸிகாலி என்ற ஊருக்குச் சென்றார். கைவசம் உரிய பத்திரங்கள் ஏதும் இல்லை. அமெரிக்கத் தூதரக அதிகாரி, என்ன தொழில் செய்கிறாய் என்று கேட்க, சினிமாவுக்குக் கதை எழுதுகிறேன் என்று இவர் பதில் சொல்ல, அதிகாரி முத்திரை குத்திக் கொடுத்து, நல்ல படங்களாக எழுது என்று சொல்லி அனுப்பினாராம். 1988இல் ஆஸ்கார் மேடையில் தமக்கு அளிக்கப்பட்ட கௌரவத்தை ஏற்றுக்கொண்டபோது, எண்பது வயது தாண்டிய வைல்டர் அந்தப் பெயர் தெரியாத அதிகாரிக்கு நன்றி சொன்னார்.

1936ஆம் வருஷம் பாரமவுண்ட் கம்பெனியில் அவருக்கு வேலை கிடைத்திருந்த சமயத்தில், அங்கே கதை இலாகாவின் தலைவர் அவரைச் சார்ல்ஸ் பிராக்கெட் என்பவரோடு ஜோடி சேர்த்தார். பிராக்கெட் வைல்டரைவிடப் பதினான்கு வயது மூத்தவர், ஹார்வர்டில் சட்டம் படித்தவர், நியூயார்க்கர் பத்திரிகையில் நாடக விமர்சகராக இருந்தவர், நாவலாசிரியர், பழைமைப் பற்றுள்ள கனவான். குணத்தால் இருவரும் இரு துருவங்கள். ஒருவருக்கு அழகிய ஆங்கிலம் இருந்தது. மற்றவருக்கு ஊற்றெடுக்கும் கற்பனை இருந்தது. ஒரே அறையில் அமர்ந்து வாதித்து, கோபித்துக் கத்தி, பின்னர் சமாதானமாகி, ‘நினோச்கா’, ‘தி லாஸ்ட் வீக்எண்ட்’, ‘சன்செட் பூல்வார்ட்’ என்று அமர படைப்புகளைத் தந்தார்கள். மனம் ஒத்தவர்களோடு சேருவது சுகம். தன்னிடம் இல்லாததை வைத்திருப்பவரோடு சேருவதே பலன். இந்த விஷயத்தில் நம் இளைஞர்கள் சுகத்தையே நாடுகிறார்கள் என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

திரைக்கதையை எழுதியவன், அது படமாகும்போது அதன்மேல் அதிகாரம் அற்றவனாகிறான். வைல்டரும் அதை அனுபவித்தார். மெக்ஸிகோ எல்லையில் தாம் காத்துக் கிடந்த நாட்களின் நினைவோடு பிராக்கெட்டுடன் சேர்ந்து எழுதிய ‘ஹோல்ட் பேக் தி டான்’ படத்தில், விஸாவுக்காக ஏங்கிக் கிடக்கும் கதாநாயகன் சுவரில் ஊரும் ஒரு கரப்பான்பூச்சியைப் பார்த்து அதிகாரியைப் போல விசாரிப்பதாக ஒரு காட்சி இருந்தது. கரப்பான்பூச்சியோடு நான் பேசமாட்டேன் என்று நடிகர் சார்ல்ஸ் பாயர் மறுத்தார்; டைரக்டர் மிட்செல் லீசனும் இணங்கிவிட்டார்; காட்சி போயிற்று. தம் வேதனையிலிருந்து பிறந்த காட்சி ஒரு நடிகரின் விருப்பத்துக்காக வெட்டப்பட்டதைப் பொறுக்காத வைல்டர், இனித் தாமே டைரக்ட் செய்வதென்று முடிவு செய்தார்.

அதற்கு முன்னோடியாக அதே கம்பெனியில் ஒருவர் இருந்தார். பிரெஸ்டன் ஸ்டர்ஜஸ் என்ற அந்தத் திரைக்கதாசிரியர், வருஷக்கணக்கில் விலைபோகாமல் இருந்த தம் கதையொன்றைப் பாரமவுண்டுக்குப் பத்து டாலருக்குக் கொடுத்தார். அதற்கு அவர் விதித்த நிபந்தனை ஒன்றே: படத்தை நானே டைரக்ட் செய்வேன். அந்நாளில் பெரும் சம்பளம் வாங்கிய எழுத்தாளர்களில் ஒருவர் அவர். பத்து டாலர் என்பது சட்டப்படி ஒப்பந்தம் செல்லுபடியாவதற்கான பெயரளவுத் தொகை. ‘தி கிரேட் மெக்ஜின்டி’ 1940இல் வெளிவந்தது; சொந்தமாகப் புனைந்த திரைக்கதைக்கென்று ஆஸ்கார் பரிசு முதன்முதலாக ஏற்படுத்தப்பட்டபோது அதைப் பெற்றதும் அதுவே. பணத்தை விட்டுக்கொடுத்து அதிகாரத்தை வாங்கிய பேரம் அது. தம்மிடம் எது இருக்கிறது, எதை இழக்கலாம், எதை அடைய வேண்டும் என்று கணக்குப் பார்த்துச் செய்த காரியம். ஆகவே அதைத் துணிவு என்கிறேன். கணக்கில்லாமல் வேலையை உதறிவிட்டு வருவதைத் துணிவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வைல்டரும் கணக்குப் பார்த்தார். ஹாலிவுட்டில் டைரக்டராக முதல் சந்தர்ப்பம் கிடைத்தபோது, தம் மேதைமையைக் காட்டும் விசித்திரமான கதை எதையும் எடுக்காமல், எல்லோரும் சிரித்து மகிழத்தக்க ‘தி மேஜர் அண்ட் தி மைனர்’ என்ற ஹாஸ்யப் படத்தை 1942இல் எடுத்தார். அது ஓடிற்று. அதன் பிறகே, ஹாலிவுட்டில் பலர் தொடத் தயங்கிய ‘டபிள் இண்டெம்னிட்டி’ போன்ற இருண்ட கதைகளுக்குப் போனார்.

நம் நாட்டிலும் இதற்கு நேரான ஒரு சரித்திரம் இருக்கிறது. 1966இல் வந்த ‘சர்ஹதி லுடேரா’ என்ற சாதாரணமான ஹிந்திப் படத்தின் படப்பிடிப்பில், இந்தூரிலிருந்து நடிகராக வந்த சலீம் கான் என்பவரும், கிளாப் பலகை அடிக்கச் சேர்ந்து வசனம் எழுதும் நிலைக்கு வந்த ஜாவேத் அக்தர் என்பவரும் சந்தித்தார்கள். படம் மறக்கப்பட்டுவிட்டது, சிநேகம் நிலைத்தது. அவர்களுக்குப் பெரிய வாய்ப்பு வந்த வழியில் ஒரு தமிழரும் இருக்கிறார். கோயம்புத்தூர்க்காரரான சாண்டோ சின்னப்பா தேவர் யானைகளை வைத்து எடுத்த ‘ஹாத்தி மேரே சாத்தி’ படத்தில் நடிக்க ஒப்புக்கொண்ட ராஜேஷ் கன்னா, கதையில் திருப்தி இல்லாமல் அதைச் செப்பனிடும் வேலையை இவ்விருவரிடம் ஒப்படைத்தார். 1971இல் அது பெரும் வெற்றி பெற்றது.

1973இல் ‘ஜன்ஜீர்’ வந்தபோது அவர்கள் செய்த காரியங்கள் இரண்டு. பெரிய நடிகர்கள் பலர் மறுத்துவிட்ட அந்தக் கதைக்கு, படங்கள் வரிசையாகத் தோற்றிருந்த அமிதாப் பச்சனே ஏற்றவர் என்று எடுத்துச் சொன்னார்கள். படத்தின் சுவரொட்டிகளில் தங்கள் பெயர் இல்லாததைக் கண்டு, ஆளமர்த்திப் பம்பாய் நகரத்துச் சுவரொட்டிகளின்மேல் ‘சலீம்-ஜாவேத் எழுதியது’ என்று வர்ணத்தால் அச்சிடச் செய்தார்கள். கதாசிரியனை எவரும் பொருட்படுத்தாத அந்தக் காலத்தில் இது முதலாளிகளின் கோபத்துக்கு ஆளாகக்கூடிய செய்கை. ஆனால் படம் வென்றது; அதன் பின் எழுதியவர்களின் பெயர் சுவரொட்டியில் இடம் பெறுவது அவர்கள் விஷயத்தில் வழக்கமாயிற்று. ‘தீவார்’, ‘ஷோலே’ ஆகியவை 1975இல் வந்தன. ‘ஜன்ஜீர்’ தமிழில் ‘சிரித்து வாழ வேண்டும்’ என்றும், ‘தீவார்’ ‘தீ’ என்றும், ‘டான்’ ‘பில்லா’ என்றும் வந்ததைப் பார்த்து வளர்ந்த நம் ரசிகர்களில் பலர், அவற்றின் மூலம் இந்த இருவருடைய மேஜையில் பிறந்தது என்பதை அறியமாட்டார்கள்.

பெர்லின் ஏரிக்கரையில் நடந்ததுபோலவே சென்னையிலும் நம் கண்முன் நடந்திருக்கிறது. கலைஞர் தொலைக்காட்சியின் ‘நாளைய இயக்குநர்’ நிகழ்ச்சிக்காகக் குறும்படங்கள் எடுத்த இளைஞர்களிலிருந்து கார்த்திக் சுப்புராஜ், நலன் குமரசாமி, பாலாஜி மோகன் முதலியோர் வந்தார்கள். ஒருவர் படத்தில் வேலை செய்தவர் மற்றொருவர் படத்திலும் வேலை செய்தார்; அந்தக் குறும்படங்களில் நடித்த விஜய் சேதுபதி போன்றோர் பின்னர் அவர்களுடைய பெரிய திரைப் படங்களிலும் நடித்தார்கள். மென்பொருள் பொறியாளராக இருந்த கார்த்திக் சுப்புராஜ், தாம் முதலில் எடுக்க விரும்பிய ‘ஜிகர்தண்டா’வுக்கு அதிகச் செலவாகும் என்பதால், சொற்பச் செலவில் முடிக்கத்தக்க ‘பீட்சா’வை எழுதி 2012இல் எடுத்தார்; ‘ஜிகர்தண்டா’ 2014இல் வந்தது. வைல்டர் 1942இல் பார்த்த கணக்கை இங்கேயும் காண்கிறேன்.

ஆகவே இன்று எழுதத் தொடங்கும் ஒருவர் என்னிடம் வழி கேட்டால், பிரபல டைரக்டரின் வீட்டு வாசலுக்குப் போகுமுன், படத்தொகுப்பு கற்கும் ஒருவரையும், காமிராவைக் கையாளத் தெரிந்த ஒருவரையும், நடிக்கத் துடிக்கும் இருவரையும் தேடிச் சேர்த்துக்கொண்டு பத்து நிமிஷப் படம் ஒன்றை எடுங்கள் என்றுதான் சொல்வேன். கோடம்பாக்கத்திலும் சாலிகிராமத்திலும் அப்படிப்பட்டவர்கள் ஒவ்வொரு டீக்கடையிலும் இருக்கிறார்கள். முழுத் திரைக்கதை ஒன்று பையில் எப்போதும் தயாராக இருக்கட்டும். ஏனெனில் கதை கேட்கிறேன் என்று ஒரு தயாரிப்பாளர் சொல்லும் நாளை நாம் நிச்சயிக்க முடியாது. சொல்லப் போவதற்கு முன்பாக அந்தக் கதையைத் தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் பதிவு செய்துவிடுவது அவசியம். கதை களவு போய்விடும் என்ற அச்சத்தால் எவரிடமும் வாய் திறக்காமல் இருப்பவர்கள் அநேகர். கதையை ஒருவரிடமும் சொல்லாதவனுக்குக் கதை விற்பதற்கு வழியே கிடையாது. பதிவுச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, கேட்பவர் அனைவரிடமும் சொல்லலாம்.